வெள்ளையம்மாள் களத்தில் என் தம்பிக்கு வேலை இருந்தது

மிளகு மூட்டையோடு மலையிறங்கி வந்தவர்கள்தான் சொன்னார்கள். சேந்தமங்கலத்தில் நான் வாத்தியாராக இருக்கும் போர்டு பள்ளி வாசலில் நின்று, "ஏனுங்க, நம்ம ஆலத்தூர் நாட்டு வெள்ளையம்மா போயிட்டாங்க" என்றார்கள். அந்த அம்மாளுக்காக அழுவதற்கு முன்பே, ஐயோ, என் தம்பி சடையன் இனி என்ன செய்வான் என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது.

சடையனுக்கு வயது வளர்ந்தது; புத்தி வளரவில்லை. யுத்தத்தின்போது கூலிக்கு ஆள் கிடைக்காமல் அலைந்தவர்கள்கூட அவனைச் சேர்க்கவில்லை. அவனை எதிரில் வைத்துக்கொண்டே என்னிடம், "இவன் அடிப்பானுங்களா?" என்று கேட்பார்கள். வெள்ளையம்மாள் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. மிளகு காயும் தன் களத்து ஓரத்தில் நின்றவனிடம், "வேலைக்கு வாரியா கண்ணு?" என்றார். "வாரேனுங்க" என்றான். மறுநாளே மிளகைக் கிளறிவிடும் வேலை. கூலியிலும் மற்றவர்களுக்கும் அவனுக்கும் வித்தியாசம் வைக்கவில்லை.

அம்மாளுக்கு வாய் பொல்லாது. ஒருநாள் மழையில் மிளகை நனையவிட்டான் என்று அவனைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை, கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். "எல்லாத்தையுந்தான் திட்டறேன். இவனை மட்டும் உட்டுட்டா, இவன் ஆளுல சேத்தியில்லைன்னு ஆயிருமுங்க" என்றார். பைத்தியம் கைபட்ட மிளகு வேண்டாம் என்ற பேளுக்குறிச்சி வியாபாரியிடம், "அப்ப வேற களம் பாருங்க" என்று சொன்னவரும் அவர்தான். அந்த வருஷம் மிளகை அடிமாட்டு விலைக்குத்தான் விற்றார்.

இப்போது களம் அவர் மகனுடையது. "அம்மா பண்ணுனது தருமமுங்க. எங்களுக்குக் கட்டாது. கூழு வேணும்னா வந்து குடிச்சுட்டுப் போகட்டும்" என்கிறார். சடையன் இன்னமும் விடிந்ததும் போய் அங்கே நிற்கிறான். நான் மலைக்குப் போகும்போதெல்லாம், "நான் என்னண்ணா தப்புப் பண்ணுனேன்?" என்று கேட்கிறான்.

அந்த அம்மாளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான்: அவனுடைய பேச்சை அவனையே பேசவிடுவது. வேலை தேடி அவனோடு படியேறும் இடத்தில் நான் வாயைத் திறப்பதில்லை. அவனே கேட்கிறான். இல்லை என்ற பதிலை மட்டும் என்னைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

அந்த அம்மாளை அறிந்தவர்களே, கருமாதிப் பந்தியில் நீங்கள் சாப்பிட்டு எழுந்த இலைகளை எல்லாம் எடுத்துப் போட்டவன் சடையன். அன்று உங்களில் ஒருவரும் அவனைக் கண்டு ஒதுங்கவில்லை. யாராவது ஒருவர் அவனை வேலைக்குக் கூப்பிடுங்கள். எனக்குப் போக வேறு வாசல் இல்லை.