மருந்துக்காரருக்கு வறுத்த மீன்

பூம்பாறையில் எங்கள் பூண்டுத் தோட்டத்துக்குப் பல வருடங்களாக நான்தான் பூச்சிமருந்து அடித்தேன். எனக்கு மூன்று முறை கரு கலைந்தது. "அந்த மருந்து உடம்போட ஹார்மோனையே கெடுக்கும். அதுவும் காரணமா இருக்கலாம்" என்றார் கொடைக்கானல் டாக்டரம்மா.

மருந்து விற்றவரிடம் போய்க் கேட்டேன். "ஒங்க உடம்புல கோளாற வச்சுக்கிட்டு மருந்தக் குத்தம் சொல்றீங்களே" என்று கடையில் எல்லார் முன்னாலும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

தோட்டத்துத் தண்ணீர் வடிகிற குட்டையில் என் கணவர் கெண்டை பிடித்து வந்தார். அறுத்துப் பார்த்தால் ஒரே மீனுக்குள் சினையும் விந்துப்பையும் சேர்ந்து கிடந்தன.

அடுத்த வாரம் புது மருந்து விற்க அந்த ஆள் ஊருக்கு வந்து கூட்டம் போட்டார். மதியச் சமையல் என்னுடையது. அதே குட்டையில் அன்று பிடித்த மீனை வறுத்து அவர் இலையில் மட்டும் வைத்தேன். பிட்டு வாயருகே கொண்டுபோனார்.

"ஒங்க மருந்து வடியிற குட்டையில புடிச்சதுங்க. ஆணா பொண்ணான்னு அதுக்கே தெரியாமக் கெடக்கு. சாப்பிடுங்க" என்றேன்.

கை அப்படியே நின்றது. "பசியில்ல" என்று எழுந்தார். அன்று ஒரு பாட்டில்கூட விற்கவில்லை.

எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அந்த மருந்துக்காரர் முகம் வெளுத்ததை நினைத்தால் இன்றும் எனக்கு இனிக்கிறது.