காலடியில் ஒரு கேன் எண்ணெய்

கல்யாணப் பெண் என்றால் மடியில் தேங்காய் பழத்தோடு போவாள். நான் இரண்டு காலுக்கும் நடுவே பத்து லீட்டர் பெட்ரோல் கேனை இடுக்கிக்கொண்டு போனேன். ஊவா மாகாணத்து எல்லையைத் தாண்டி, சப்ரகமுவ மாகாணத்துக்குள் நான் மருமகளாக நுழைந்த இலட்சணம் அதுதான்.

பெட்ரோலுக்கு நாடே வரிசையில் கிடந்த வருஷம் அது. எங்கள் கல்யாணம் அதற்குள் இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. முதல் தடவை கொரோனா. அடுத்த தடவை, பேசிவைத்த பஸ்ஸுக்கு டீசல் இல்லை. மூன்றாவதாக நாள் குறித்ததும் மாமியார் அப்பாவுக்குப் போன் எடுத்தார். "இந்த வாட்டியும் முகூர்த்தம் தவறுச்சுன்னா சாமிக்கே இந்தச் சம்பந்தம் புடிக்கலைன்னு அர்த்தம்ங்க. பேசாம விட்டுருவோம்." அப்பா அன்று பூராவும் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. இரண்டு வருஷம் போனிலேயே பேசிப் பேசி எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிருந்தது. வேறு எவனையும் கட்டுகிற எண்ணமே எனக்கு இல்லை.

எங்கள் ஆட்களுக்கு மாப்பிள்ளை ஊரில்தான் தாலி. ஸ்பிரிங்வெளியிலிருந்து பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகவேண்டும். வண்டி, மாமாவின் பழைய வேன். அதன் டேங்கில் கால்வாசிக்கு மேலே ஒரு ஓட்டை. சலவைச் சவர்க்காரத்தை அப்பி அடைத்திருந்தார். ஆனாலும் கால்வாசிக்கு மேல் ஊற்றினால் ஒழுகும். கால் டேங்க் எல்லை தாண்டிக் கொஞ்ச தூரம்தான் வரும். மீதிக்குக் கேனில் கொண்டுபோய் வழியில் ஊற்றவேண்டும். கேனோடு பிடித்தால் பதுக்கல் என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். அப்புறம் முகூர்த்தமாவது மண்ணாவது!

"பொண்ணு சேலைக்குள்ள எவன் தேடுவான்?" என்று கேட்டது அத்தை. அப்பாவின் தங்கை, மாமாவின் பெண்டாட்டி. வாய் மட்டும் இல்லையென்றால் அத்தையை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்பார் அப்பா. கேனை என் காலடியில் வைத்து, சேலைக் கொசுவத்தை அதன்மேல் விரித்து, ஒரு போத்தல் பன்னீரையும் என்மேல் கவிழ்த்தது அத்தைதான்.

ஆறரைக்குக் கிளம்பினோம். முகூர்த்தம் பதினொன்று பத்துக்கு. அப்புத்தளையில் பிள்ளையாரைக் கண்டதும் அப்பா வழக்கம்போல வேனை நிறுத்தச் சொல்லி, ஜன்னலோரமாகவே சூடம் கொளுத்தப் போனார். "யோவ் மச்சான்! கல்யாணமா, கருமாதியா?" என்று மாமா போட்ட சத்தத்தில் நெருப்புப்பெட்டி ரோட்டில் விழுந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பயத்தில் வருகிற சிரிப்பு, நிறுத்தவே முடியாது.

அல்துமுல்லையைத் தாண்டி எல்லைக்குப் பக்கத்தில் செக்பொயிண்ட். நடுவயதுப் பொலிஸ்காரர் ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டி மூக்கை உறிஞ்சினார்.

"தெல் தியனவத?"

சிங்களத்தில் பெட்ரோலும் தெல்தான், தலைக்கு வைக்கிற எண்ணெயும் தெல்தான். பெட்ரோல் இருக்கிறதா என்று அவர் கேட்டார். அத்தை எண்ணெய் என்றே எடுத்துக்கொண்டது. "தியனவா மாத்தயா, தியனவா!" என்று நலுங்குக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலைத் தூக்கிக் காட்டியது. "பொல் தெல்!"

அடிப்பாவி அத்தை! இருக்கிறது என்று சொல்லிவிட்டதே என்று எனக்கு உயிரே போய்விட்டது. பொலிஸ்காரர் சிரிக்கவில்லை. எல்லாரையும் இறங்கச் சொன்னார். அப்பா இறங்கினார், அம்மா இறங்கினார். பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் எழுந்தால் கேன் தெரியும்.

"பொண்ணு எறங்கக் கூடாது மாத்தயா," என்றது அத்தை, தனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில். "தாலி ஏறுற வரைக்கும் கால் தரையில படப்படாது. பட்டுச்சுன்னா மாப்புள்ளைக்கு ஆகாது. எங்க வழக்கம்."

அப்படி ஒரு வழக்கம் உலகத்திலேயே கிடையாது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பில் தோள் குலுங்கியது. அழுகிறேன் என்று நினைத்துவிட்டார் மனுஷன்.

அவர் முகம் மாறியது. "நெகத கீயடத?" என்று கேட்டார். நல்ல நேரம் எத்தனை மணிக்கு என்று அர்த்தம். அவர்களும் நேரம் பார்க்கிறவர்கள்தானே. பதினொன்று பத்து என்றதும் மணிக்கூட்டைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். பலாங்கொடை டவுனில் பெட்ரோல் வரிசை ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறதாம், நாங்களாகப் போனால் போய்ச் சேரமாட்டோமாம். தனக்கு டியூட்டி முடிந்துவிட்டது, வீடும் அந்தப் பக்கம்தான், முன்னால் போய் வழி எடுத்துத் தருகிறேன் என்று எல்லாரையும் வேனில் ஏறச் சொல்லிவிட்டுத் தானும் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார்.

உதவிதான். ஆனால் இனி எங்கே நிறுத்திப் பெட்ரோல் ஊற்றுவது? அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே போகிறார்! பெலிஹுல் ஓயா வரைக்கும் இறக்கம் என்பதால் மாமா நியூட்ரலில் போட்டு வேனை உருட்டினார். பெட்ரோல் முள் கீழே போய்க்கொண்டே இருந்தது.

"பொண்ணுக்கு ஒண்ணுக்கு வருதுன்னு சொல்லி நிப்பாட்டவா?" என்றார் மாமா.

"அப்ப நான் எறங்கணும்ல! கால் தரையில படப்படாதே!" என்று கத்தினேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அப்பா மட்டும் கந்தா, கடம்பா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

பலாங்கொடையில் அவர் சொன்னது நிஜம். ஒரு மைலுக்கு வண்டிகள். விசிலை ஊதி, கையை ஆட்டி, லொறிக்காரனைத் திட்டி, எங்களை உருவி எடுத்தார். அதோடு போவார் என்று பார்த்தால் தோட்டத்து மலையிலும் ஏறி வந்தார். கோவில் வாசலுக்குப் பத்தடி முன்னால் வேன் விக்கி விக்கி நின்றது. சொட்டு இல்லை. மணி பத்து ஐம்பது.

மாமியார் ஆரத்தித் தட்டோடு நின்றார். பொலிஸ்காரரும் கைகட்டி நின்றார், வழக்கத்தைப் பார்க்க. நான் எப்படி இறங்குவது?

"மாப்புள்ள வந்து தூக்கணும்ங்க," என்றது அத்தை. "எங்க ஸ்பிரிங்வெளி வழக்கம். இந்தியாவுல இருந்தே வந்தது."

என் வீட்டுக்காரர் அப்போது ஐம்பத்திரண்டு கிலோ. நான் எத்தனை கிலோ என்று எழுதமாட்டேன். மனுஷன் வந்தார், குனிந்தார், பல்லைக் கடித்துத் தூக்கினார். காதுக்குள் கேட்டார்: "என்ன புள்ள, பெட்ரோல் ஷெட்டுல குளிச்சியா?"

"கீழ மட்டும் போட்றாதீங்க," என்றேன். அத்தனை சனத்துக்கு முன்னால் எனக்கு வெட்கமே வரவில்லை. சந்தோஷம், அவ்வளவு சந்தோஷம்.

நான் மேலே போனதும் கேன் வெளிச்சத்துக்கு வந்தது. பொலிஸ்காரர் பார்த்தார். மாமியாரும் பார்த்தார்.

பொலிஸ்காரர் கேனைப் பார்த்தார், என்னைத் தூக்கிக்கொண்டு நடுங்குகிறவரைப் பார்த்தார். "பொல் தெல்?" என்று கேட்டார்.

"பொல் தெல், மாத்தயா," என்றது அத்தை, கோழிக்குஞ்சுக் குரலில்.

வந்த வழியில் அவர் வண்டியும் வற்றிப்போயிருந்தது. திரும்பிப் போக அந்தத் தேங்காயெண்ணெயில் ஒரு போத்தல் தரமுடியுமா என்று கேட்டார். மாமா இரண்டு போத்தல் ஊற்றிக் கொடுத்தார். பதினொன்று பத்துக்குத் தாலி ஏறியது.

மாமியார் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எண்ணெய் என்றே நம்பிவிட்டார் என்று நான் நினைத்தேன். போன வருஷம் நாத்தனாருக்குக் கல்யாணம். பெட்ரோல் தாராளமாகக் கிடைக்கிற காலம். வேன் கிளம்பும்போது மாமியார் சந்தனம் குங்குமம் வைத்த ஒரு கேன் தேங்காயெண்ணெயைத் தூக்கி வந்து மகளின் காலடியில் வைத்தார். "இது நம்ம வழக்கம். தாலி ஏறுற வரைக்கும் கால் தரையில படப்படாது," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்னா மருமகளே நிக்கிற? போயி பன்னீர எடுத்துட்டு வா. வாசம் தெரியக் கூடாதுல்ல?"