மாமியாரும் மூன்று அங்குலக் குழாயும்

என் வீட்டுக்காரர் வாங்கிய காருக்கு எங்கள் கல்யாணத்தைவிட வயது அதிகம். ஜப்பானில் செய்து, எத்தனையோ கை மாறி, கடைசியில் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டு வாசலில் வந்து நின்றது. தரையோடு தரையாக உடம்பு, இரண்டே கதவு. பின்சீட்டில் ஒரு மூட்டை வெங்காயம் வைக்கலாம், மனிதர் உட்கார முடியாது. எங்கள் சந்தில் அது நுழைந்தால் எதிரே வரும் சைக்கிள்காரர் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும்.

வருஷக்கணக்காக பெங்களூர் ரயிலில் நின்றுகொண்டே வேலைக்குப் போய்வந்த மனிதர். குடி கிடையாது, சீட்டு கிடையாது. கார்தானே, போகட்டும் என்று விட்டேன். அந்தக் காரில் 'டர்போ' என்று ஒன்று இருக்கிறதாம், அதற்காகத்தான் வாங்கினாராம். அதைப் பற்றி நான் கேட்கவே இல்லை. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது, முழுசாக விளக்கினார். இன்ஜினிலிருந்து வெளியே போகும் புகை வீணாகப் போகாமல் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுமாம். அந்தச் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து இன்ஜினுக்குள் திணிக்குமாம். புகை எவ்வளவு சுலபமாக வெளியே போகிறதோ அவ்வளவு வேகமாகச் சக்கரம் சுற்றும். ஆகவே பின்னால் இருக்கும் சைலன்சர் என்பது ஒரு முட்டுக்கட்டை. அதைக் கழற்றிவிட்டு மூன்று அங்குலத்தில் நேரான குழாய் போடப் போகிறேன் என்றார். மீன் கழுவுகிற பெண்ணிடம் அனுமதி கேட்பது போலத்தான் இருந்தது. குழாய் ஏற்கெனவே கார் டிக்கியில் இருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

எதிர்வீட்டு மாமா இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் மைனில் வெண்டிலேஷன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். சுரங்கக் கிணறான ஷாஃப்ட் வழியாகப் பூமிக்குள் அத்தனை ஆழத்துக்குக் காற்றை அனுப்பிய கைகள் என்று அவருக்கு ஒரு பெருமை. காற்று சம்பந்தப்பட்ட எதிலும், பலூனாக இருந்தாலும், அவரிடம் ஒரு கருத்து இருக்கும்.

"இன்ஜினுக்கு பேக் பிரஷர் வோணும்பா. போற காத்துக்கு கொஞ்சமாச்சும் தடை இருந்தாதான் வர்ற காத்துக்கு ஒரு மரியாதை இருக்கும்" என்றார்.

"அது பழைய கதை மாமா. டர்போவே ஒரு தடைதான். அதுக்கப்பறம் எதுவும் இருக்கக் கூடாது. நெட்டுல எல்லாரும் சொல்றாங்க."

"நெட்டு இன்னா ஷாஃப்ட்ல எறங்கி பார்த்துச்சா?"

இப்படி வாரக்கணக்கில் நடந்தது. வீட்டுக்காரரிடம் நெட் இருந்தது, மாமாவிடம் பென்ஷன் புத்தகம் இருந்தது. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வெல்டிங் கடையில் குழாய் மாட்டும் நாளன்று மாமாவும் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். தப்பு நடக்கும்போது கூடவே இருந்து பார்த்தால்தானே பிறகு 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்ல முடியும்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் முதல் வெடி. தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய மண் குவிந்த சயனைடு மேட்டைத் தாண்டி எங்கள் லைனுக்குத் திரும்பும் வளைவில் ஒரு ஏற்றம் இருக்கிறது. அங்கே வீட்டுக்காரர் ஆக்சிலரேட்டரை அழுத்தியிருக்கிறார். 'டம்' என்று ஒரு சத்தம். மேட்டில் மோதி இரண்டு மடங்காகத் திரும்பியது. அடுப்படியில் எனக்கு டம்ளர் அதிர்ந்தது.

நான் வெளியே வந்தபோது எங்கள் லைனில் வயதான பெண்கள் எல்லாரும் அவரவர் வாசலில் நின்றிருந்தார்கள். எல்லாரும் ஒரே பக்கம், மூடிக்கிடக்கும் ஷாஃப்ட் இருக்கும் பக்கம், பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் கரண்டி இருந்தது. என் மாமியார் கேஸை அணைத்து, சோற்றுப் பானையை மூடிவிட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு கேட்டருகே நின்றிருந்தார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. மைன் ஓடிய காலத்தில் பூமிக்குள் பாறை வெடித்துச் சரியும். அதை இங்கே ஏர் பிளாஸ்ட் என்போம். மேலே வீடுகள் ஆடும். வீட்டுப் பெண்கள் உடனே அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். உன் ஆள் எந்த ஷிப்ட் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது, அது முறையில்லை. ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்து ஆளைக் கண்ணால் பார்க்கும்வரை வீட்டில் யார் வாயிலும் பச்சைத் தண்ணீர் படாது. ஆள் வந்தால் கட்டிப்பிடித்து அழுவதும் கிடையாது. தலை, கை, கால் என்று ஒரு முறை ஏற இறங்கப் பார்ப்பார்கள். எல்லாம் இருந்தால் சாப்பிட வா என்பார்கள். என் மாமனார் ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றோடும் மேலே வந்தவர். பென்ஷன் வாங்கி, நுரையீரல் கெட்டு, கட்டிலில் படுத்துதான் போனார்.

மைன் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அது அந்தப் பெண்களுக்கும் தெரியும். வளைவில் கார் தலைகாட்டியதும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனார்கள். மாமியார் மட்டும் மகன் காரிலிருந்து இறங்கி நிமிரும்வரை நின்று, பார்த்துவிட்டு, வந்து அடுப்பைப் பற்ற வைத்தார்.

"அத்தை, அது கார் சத்தம்."

"தெரியும்மா. புத்திக்குத் தெரியுது. காலுக்குத் தெரில."

அவருக்குப் புத்தியில் எந்தக் குறையும் இல்லை. மளிகைக் கடையில் எடை குறைந்தால் முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். ஆனால் தினமும் அந்த வெடி கேட்டது, தினமும் அவர் எழுந்தார். மற்ற வீடுகளில் பழகிப்போய் விட்டுவிட்டார்கள், இவர் விடவில்லை. எனக்குச் சிரிப்பு வராத காரணம் ஒன்று இருந்தது. அவருக்குச் சர்க்கரை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி. ஊசி போட்டால் உடனே சாப்பிட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆள் சரிந்துவிடுவார் என்று டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். பல நாள் ஊசி போட்டுத் தட்டு முன்னால் உட்காரும் நேரமும் வளைவில் வெடிக்கும் நேரமும் ஒன்றாகவே இருந்தன. சோற்றைத் தொடாமல் எழுந்துவிடுவார். கார் வந்து சேரச் சில நிமிஷம்தான், பிறகு சாப்பிட்டுவிடுவார். அந்தச் சில நிமிஷமும் நான் கடிகாரத்தையும் தட்டையும் மாறி மாறிப் பார்ப்பேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கெஞ்சினேன், திட்டவும் செய்தேன். அவருக்கு அது வேறு விதமாகக் கேட்டது.

"அது ஏன் வெடிக்குது தெரியுமா?" என்று ஆர்வமாக ஆரம்பித்தார். சக்கரம் அளவுக்கு மீறிச் சுற்றாமல் இருக்க உபரிப் புகையை ஒதுக்கிவிட ஒரு சின்னக் கதவு உண்டாம். குழாய் இவ்வளவு தாராளமாக இருந்தால் அந்தக் கதவால் சமாளிக்க முடிவதில்லையாம். காற்று ஏறிக்கொண்டே போகுமாம். பழைய காரின் பழைய கம்ப்யூட்டர் பயந்துபோய் பெட்ரோலைச் சட்டென்று நிறுத்தி மறுபடி விடுமாம். எரியாமல் தப்பித்தது குழாய்க்குள் போய் வெடிக்குமாம்.

"அப்போ பழைய சைலன்சரையே மாட்டிடுங்க."

"அது தோல்விமா" என்றார். நான் யாரோடு குடும்பம் நடத்துகிறேன் என்று அன்றைக்குத்தான் தெளிவாகத் தெரிந்தது.

பிறகு அந்தச் சாயங்காலம் வந்தது. மாமியார் ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் சோறு போட்டு, கீரை ஊற்றினேன். வளைவில் 'டம்'. வழக்கத்தைவிடப் பெரியது. அவர் சோற்றைத் தொடாமல் எழுந்து கேட்டுக்குப் போனார். நான் தட்டை மூடி வைத்தேன்.

கார் வரவில்லை.

போன் போட்டேன், சுவிட்ச் ஆஃப். கொஞ்ச நேரம் பார்த்தேன், வெளிச்சம்கூடத் தெரியவில்லை. ஒரு கையில் தட்டோடு கேட்டுக்குப் போனேன்.

"அத்தை, ரெண்டு வாய் சாப்பிடுங்க. நின்னுக்கினே சாப்பிடுங்க."

"வரட்டும்."

"அவர் காரை எங்கயாச்சும் நிறுத்தி படம் புடிச்சிக்கினு இருப்பார். ஊசி போட்டு எவ்ளோ நேரமாச்சு?"

"வரட்டும்மா."

அவர் நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது. கேட்டுக் கம்பியைப் பிடித்த விரல்கள் நடுங்கின. எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். உள்ளே ஓடி ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்து, "இப்ப குடிக்கலைன்னா நானே வாயைத் திறந்து ஊத்துவேன்" என்று கத்தினேன். என் கல்யாண வாழ்க்கையில் மாமியாரிடம் அப்படிப் பேசியதே இல்லை. அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு ஷாஃப்ட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கண் செருகத் தொடங்கியது. ஒரு கையால் அவர் இடுப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

கத்தல் கேட்டு எதிர்வீட்டு மாமா வந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு வளைவுப் பக்கம் போனார். நானும் மாமியாரும் அப்படியே நின்றோம். அவர் பாரம் மெல்ல மெல்ல என் மேல் சாய்ந்துகொண்டே வந்தது. எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன். நாங்கள் மூன்று தலைமுறையாக பௌத்தர்கள், வேண்டிக்கொள்ளச் சாமி கிடையாது. அதையெல்லாம் பார்க்கிற நேரமா அது.

மொபெட் திரும்பி வந்தது. பின்னால் என் வீட்டுக்காரர், முகமெல்லாம் கரி. வளைவில் வெடித்ததோடு இன்ஜின் நின்று, வெள்ளைப் புகை கக்கி, காரை ஓரமாகத் தள்ளவே அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. அந்த அருமையான சத்தத்தை வழியெல்லாம் வீடியோ எடுத்ததில் போனில் சார்ஜ் இல்லை.

மாமியார் அவரை நிமிர்ந்து பார்த்தார். தலையைப் பார்த்தார். இரண்டு கைகளையும் பார்த்தார். கால்வரை இறங்கிப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த டம்ளரை வாங்கி, நிற்காமல் குடித்தார். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு மகனிடம், "சாப்பிட வா" என்றார்.

என் வீட்டுக்காரர் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கார் பல வாரம் பெங்களூரில் ஒரு மெக்கானிக்கிடம் கிடந்து, பழைய சைலன்சரோடு திரும்பியது. குழாய் இணைப்பில் துளை சிறிதான ஒரு வளையமும் வைத்திருந்தார்கள், புகைக்குக் கொஞ்சம் தடையாக. மாமா குனிந்து பார்த்துவிட்டு, "பேக் பிரஷர். நான் அப்பவே சொன்னேன்" என்றார். அது இன்ஜினுக்காக இல்லை, அந்தச் சின்னக் கதவுக்குத் துணையாகத்தான் என்று வீட்டுக்காரர் வெகுநேரம் விளக்கினார். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதத்தான் நானும் சொன்னேன்" என்றார்.

இப்போது கார் பூனை மாதிரி வந்து நிற்கிறது. பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் மாமியார் சாயங்காலமானால் நிலைகொள்ளாமல் எழுந்து எழுந்து கேட்டுக்குப் போனார். சோறு முன்னால் இருந்தாலும் போனார். ஏன் அத்தை, இப்போதுதான் சத்தமே இல்லையே என்று கேட்டேன்.

"சத்தம் வந்தா அப்போ மட்டும் நின்னா போதும்மா. இப்போ எப்ப நிக்கறதுன்னே தெரில."

அதனால் வீட்டுக்காரர் அந்த வளைவில் ஒரு தடவை ஹாரன் அடிக்கிறார். அவ்வளவு பாடுபட்டு அமைதியாக்கிய காரில், ஆள் இல்லாத ரோட்டில், தினமும். அது கேட்கும்வரை மாமியார் ஊசியைத் தொடுவதில்லை. நானும் அடுப்பைப் பற்ற வைப்பதில்லை.