வெனிலா காயைத் துடைத்த மனிதர்

என் வீட்டுக்காரர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். தூசியைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. இருபத்தாறு வருடமாக இதோடுதான் மாரடிக்கிறேன்.

நான் கேக் செய்து விற்பவள். பழைய கொடியில் காய்த்த அரிய வெனிலா காய்கள் பன்னிரண்டை அண்ணி கொடுத்திருந்தார். டப்பாவில் மூடி எட்டு மாதம் வைத்திருந்தேன். நேற்றுதான் காயின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. காயின் வாசனைதான் அப்படி வெளியே வந்து படியும்; நல்ல காய்க்கு அதுதான் அடையாளம்.

முட்டை வாங்கிவிட்டு வருகிறேன், மனிதர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, கடிகாரம் கழுவும் ஸ்பிரிட்டில் பிரஷைத் தோய்த்துப் பன்னிரண்டையும் தேய்த்து முடித்திருக்கிறார்.

"பூஞ்சை பிடிச்சுக் கிடந்துச்சு. ஒரு புள்ளி விடல, பாரு!"

"ஐயோ, அதுக்காகத்தானே எட்டு மாசம் காத்துக் கிடந்தேன்! உங்களை யாரு தொடச் சொன்னது?"

ஸ்பிரிட் ஊறிய காயை யார் வாயில் வைப்பது? அத்தனையையும் குப்பையில் போட்டேன். வெனிலா இல்லாமலே கேக் சுட்டேன்.

மிச்ச ஸ்பிரிட்டை அவர் கொட்டவில்லை. இன்று கடையில் அதிலேயே கடிகாரங்களைக் கழுவினாராம். வந்தவர்கள் எல்லாம் என்ன இப்படி மணக்கிறது என்று கடிகாரத்தை மோந்து மோந்து பார்த்தார்களாம். சாயங்காலம் என் கேக்கைத் தின்றுகொண்டே சொல்கிறார்:

"இதுலயும் கொஞ்சம் அந்த வாசனை இருந்தா நல்லாயிருக்கும்."