சர்ச்சில் தூங்கலாமா?

போன ஞாயிறு எங்கள் மாரிகுப்பம் சர்ச்சில் ஒருவர் குறட்டை விட்டார். அதுவும் எப்போது? என் கணவர் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போது!

அவர் உபதேசியார். பெண்கள் பக்கத்தில் முதல் பாயில் உட்கார்ந்துகொண்டு, உபதேசியார் மனைவி சிரிப்பை அடக்குவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

ஆனால் சிரிப்பு சீக்கிரமே போய்விட்டது. குறட்டை விட்டது தேவசகாயம். தங்கச் சுரங்கத்தில் சனிக்கிழமை ராத்திரி ஷிப்ட் முடித்து, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே ஏறி, குளித்துவிட்டு நேராக ஆராதனைக்கு வருகிற மனிதர். ஏற்கெனவே இரண்டு தரம் தூங்கி மாட்டியிருக்கிறார். மூன்றாம் தரம் என்றால் சபை ஒழுங்குப்படி திருவிருந்து அப்பம் கிடையாது; வீட்டில் யாருக்கு ஞானஸ்நானம் இருந்தாலும் அதுவும் தள்ளிப்போகும்.

அன்றைக்கோ அவருடைய குழந்தைக்கு ஞானஸ்நானம்! மூத்தது ஞானஸ்நானத்துக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டது.

சபை மூப்பர் ஆசீர்வாதம் பிரம்போடு எழுந்தார். தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்புவது அவர் பொறுப்பு; பிரம்பு பட்டால் ஒரு தரம் என்று கணக்கு. நல்ல மனிதர்தான் – ஆனால் ஒழுங்கு என்றால் ஒழுங்கு.

அவர் பிரம்பை நீட்டுவதற்குள் தேவசகாயத்தின் மனைவி ரூத், குழந்தையோடு ஆண்கள் பக்கம் போய்க் குறுக்கே நின்றுவிட்டாள்.

“தட்டாதீங்க மூப்பரே. ராவெல்லாம் கீழ் லெவல்ல பாறை ஒடச்சிட்டு வந்துகீறாரு.”

“அதுக்கு இன்னாம்மா பண்றது? ஓய்வுநாளும் அதுவுமா கர்த்தரோட வீட்ல தூங்கலாமா? வீட்ல தூங்கிட்டு வரட்டும்.”

“வீடா? ஒரே தட்டி வீட்ல ரெண்டு குடும்பம் கீறோம். பக்கத்துல கல்லு இடிக்கிற மில்லு. அங்க பகல்ல யாரு கண்ண மூடறது? இங்க வந்து ஒக்காந்தாதான் அவருக்குத் தூக்கமே வருது... ஓய்வுநாள்னு நீங்கதானே சொல்றீங்க?”

மூப்பர் என் கணவரைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம்.

அவர் கையில் மாற்கு சுவிசேஷம் திறந்திருந்தது. பசித்த சீஷர்கள் ஓய்வுநாளில் கதிர் கொய்து தின்ற பகுதி. ஓய்வுநாள் மனிதனுக்காகத்தான் என்று இயேசு சொன்ன இடத்துக்கு அவர் இன்னும் வந்து சேரவில்லை. இவர் விட்டுக்கொடுத்தால் மூப்பர் மனசு நோகும். விட்டுக்கொடுக்காவிட்டால்...? ரூத் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

“மூப்பரே, உக்காருங்க,” என்றார் என் கணவர். “ரூத்தம்மா, நீயும் அங்கயே ஒக்காரு. ஞானஸ்நானத்துக்கு அவர எழுப்புனா போதும்.”

மூப்பர் பிரம்பைச் சுவரோரம் சாத்தினார். பிறகு தன் தோள் துண்டை மடித்து, சுவரில் முட்டிக்கொண்டிருந்த தேவசகாயத்தின் தலைக்கு அண்டக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

மிச்சப் பிரசங்கம்? சுரங்கத்துக்கே கேட்கும் குரல் என் கணவருக்கு. அன்றைக்குத் தொட்டில் பக்கத்தில் பேசுவதுபோலப் பேசினார்!

நேரம் வந்ததும் ரூத் கணவரின் தோளைத் தொட்டாள். பதறி எழுந்தார்.

“ஷிப்ட்டுக்கு நேரமாயிடுச்சா?”

“இல்லீங்க... நம்ம புள்ளைக்கு ஞானஸ்நானம். வாங்க.”

குழந்தையை வாங்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றபோது அந்த மனிதர் அழுதார். குழந்தை அழவில்லை.

ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏதோ நல்ல காரணத்துக்காகத்தான் ஏற்படுத்துகிறோம். நாளாக ஆக அந்தக் காரணம் மறந்துபோய், பிரம்பு மட்டும் கையில் மிஞ்சுகிறது... இல்லையா?

இன்னொன்று – அவரிடம் சொல்லிவிடாதீர்கள் – கல்யாணமான நாளிலிருந்து என் கணவரின் பிரசங்கத்தை நான் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்!