பெய்ரூட் சீரியஸ்

சிட்லபாக்கத்தில் அசரியாவை எல்லாரும் "ஃபாரின் சார்" என்றுதான் சொல்வார்கள். லண்டன் பத்திரிகை ஒன்றுக்கு நிருபர். கொழும்பு, டாக்கா, காட்மாண்டு என்று எங்கே கலவரம் வெடித்தாலும் மனுஷர் அங்கே இருப்பார். ஊர் திரும்பியதும் தெருவில் அடிபட்டுக் கிடக்கும் நாய் ஒன்றைத் தூக்கி வந்து, போய்வந்த ஊரின் பெயரை அதற்கு வைப்பார். வைத்த கையோடு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். சோறு வைப்பது, புண்ணுக்கு மருந்து போடுவது, அக்கம்பக்கத்தில் ஏச்சு வாங்குவது எல்லாம் அவர் மனைவி சாராள். புண்ணியம் அவருக்கு, பேச்சு இவளுக்கு.

எழுபத்தைந்தாம் வருஷத்தில் நாய்கள் ஆறு. ஐந்து, அவர் பார்த்த ஊர்கள். ஆறாவது பெய்ரூட், அவர் பார்க்காத ஊர். அந்த வருஷம் லெபனானில் உள்நாட்டுச் சண்டை மூண்டதும், என்னை அங்கே அனுப்புங்கள் என்று லண்டனுக்கு மூன்று முறை எழுதினார். மூன்றாவது முறையும் இல்லை என்று பதில் வந்த அன்று, சானடோரியம் ஸ்டேஷன் அருகே ரயிலில் பின்னங்கால் போன குட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரிக்ஷாவில் வந்து இறங்கினார். அதன்மேல் அவருக்கு உயிர்.

சாராள் தாம்பரத்தில் மிஷன் பள்ளி டீச்சர். பள்ளி விட்டால் வீடு. எட்டு வருஷமாக ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. அக்கா மகள் கல்யாணத்துக்குக்கூட வாழ்த்துத் தந்திதான். நாய்களுக்கு மீன் தலை கொண்டுவரும் காந்தா தினமும் சிரிப்பாள். "இன்னாம்மா, நாயிங்கள நீ கட்டிப் போட்டுகினு கீறியா, அதுங்க உன்னக் கட்டிப் போட்டுகினு கீதா?"

அந்த நவம்பரில் சாராளுக்கு ஆர்டர் வந்தது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை. டிசம்பர் ஒன்றாம் தேதி சேராவிட்டால் வேலை அடுத்தவளுக்கு. "உனக்கு ஆர்டர் வரட்டும், ஒரு வருஷம் லீவு போட்டு எல்லா நாயையும் நான் பார்த்துக்கறேன்" என்று அசரியா வேதத்தில் கை வைக்காத குறையாகச் சொல்லியிருந்தார். டில்லியில் இருந்தவருக்கு இரண்டு கடிதம் போட்டாள். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று ஒரு கார்டு வந்தது.

அவளுக்கா அவரைத் தெரியாது? அவள் அம்மா இறந்தபோது வராத மனுஷர், டாக்காவுக்கு வலிப்பு என்றதும் கல்கத்தாவிலிருந்து அலறியடித்துக்கொண்டு வந்தார். பெண்டாட்டிக்கு வராவிட்டாலும் நாய்க்கு வருவார். முழங்காலில் நின்று ஜெபம் பண்ணிவிட்டு, பொய் சொல்ல எழுந்தாள்.

தந்தியில் வீண் வார்த்தை கூடாது என்பது அவர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த தொழில் பாடம். படிப்பவனுக்குத் தெரிந்ததை எழுதாதே என்பார். திங்கட்கிழமை தாம்பரம் தபாலாபீசில், அவருடைய டில்லி ஆபீஸ் விலாசத்துக்கு அப்படியே எழுதினாள்: "பெய்ரூட் சீரியஸ். ஸ்டார்ட் இமீடியட்லி." நாய் என்ற வார்த்தை இல்லை, அவள் பெயரும் இல்லை.

கிளார்க் சவுரிமுத்து கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்தார். "யாரும்மா பெய்ரூட்? வயசானவங்களா?"

"எங்க வீட்டு ஆளுதான் சார்."

"மாதா காப்பாத்துவாங்க, போங்க."

வியாழக்கிழமை டில்லி ரயிலில் வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டு, டிரங்குப் பெட்டியில் புடவைகளை அடுக்கி வைத்தாள். வியாழன் போயிற்று. வெள்ளிக்கிழமை தந்திதான் வந்தது. "ரீச்டு பெய்ரூட். லெட்டர் ஃபாலோஸ்."

இரண்டு முறை படித்தாள். பெய்ரூட் மூன்று காலில் நின்றுகொண்டு அந்தத் தாளை மோந்து பார்த்தது.

விஷயம் புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். அங்கே சண்டை நடக்கிறதே! லண்டனிலிருந்து உத்தரவு என்று நினைத்துக் கிளம்பிவிட்டார், பாவம். நாய் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? தன் கையே தன் கண்ணைக் குத்திவிட்டதே என்று அழுதாள்.

சனிக்கிழமை மறுபடியும் தபாலாபீஸ். வேலையில் சேர முடியவில்லை, மன்னிக்க வேண்டும் என்று பள்ளிக்குத் தந்தி. இந்த முறை ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை. பெயர், ஊர் எல்லாம் எழுதினாள்.

சவுரிமுத்து முத்திரை குத்திக்கொண்டே கேட்டார். "பெய்ரூட் எப்படிம்மா இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க சார்."

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. 'கர்த்தருக்குள் பிரியமான சாராளுக்கு' என்று வழக்கம்போல ஆரம்பம். 'உன் தந்தியை டில்லி ஆபீசில் எங்கள் வெள்ளைக்காரத் துரைதான் முதலில் பிரித்தார். லண்டன் உத்தரவு என்று எண்ணி அன்றே எனக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார். தந்தியின் மேலே தாம்பரம் என்று இருந்ததை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். இதை விட்டால் எனக்கு இந்த ஊர் இனி கிடைக்காது. நம் பெய்ரூட் பிழைத்ததா? உடனே எழுது.'

சாராள் கடிதத்தை மடித்தாள். ஒரு வார்த்தையைக் குறைத்ததால் வந்த வினை என்று பத்து நாளாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். இவரோ எல்லாம் தெரிந்தேதான் விமானம் ஏறியிருக்கிறார். நாய் சாகக் கிடக்கிறது என்று நம்பிக்கொண்டே ஏறியிருக்கிறார். அவரை வீட்டுக்கு இழுக்க அவளிடம் இருந்தது அந்த ஒரு கயிறுதான். அதுவும் இற்றுப்போயிருந்தது.

வாசலில் மீன் கூடையைக் கண்டு ஆறும் குரைத்தன. அவள் எழுந்துபோய்க் கேட்டைத் திறந்தாள்.

"சார் எப்பம்மா வர்றாரு?" என்றாள் காந்தா.

"வரமாட்டார், காந்தா. நாய்க்குக்கூட வரமாட்டார்" என்று சொல்லிவிட்டு, மீன் தலைகளை வாங்கச் சட்டியை நீட்டினாள்.