கீழே அசைந்த கை

என் தம்பி மறைந்து ஓராண்டு ஆகிறது. தம் கவனக்குறைவால்தான் அவர் காலை இழந்தார் என்று உறவினர்களான நீங்கள் எல்லோரும் நம்பி வந்தீர்கள். அது உண்மையில்லை.

தம்பி பிறந்தது சிங்கப்பூரின் செம்பவாங்கில். அப்பா இறந்ததும் படிப்பை நிறுத்திக் கட்டுமான வேலைக்குப் போனார். அந்தச் சம்பளத்தில் நான் தொழில்நுட்பக் கல்லூரியை முடித்தேன். பிறகு ஒரே கட்டுமானத் தளத்தில் நான் மேற்பார்வையாளர். அவர் கிரேனுக்குச் சைகை காட்டுபவர். "வீட்லயும் நீங்க பாஸ், இங்கயும் நீங்க பாஸ். எனக்கு லீவே இல்ல லா" என்பார்.

அன்று கம்பிக்கட்டு ஒன்று கிரேனில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே கட்டைகளை நகர்த்தி வைக்கும்படி தம்பியிடம் சொன்னதும் நான்தான். அப்போது தேநீர் வந்தது. தூரத்தில் நின்றபடி, வீட்டில் ஆளைக் கூப்பிடுவது போல, உள்ளங்கை கீழே பார்க்க விரல்களை அசைத்து அவரை அழைத்தேன். கிரேன் ஓட்டுநருக்கு அதன் பொருள் 'இறக்கு'. ஓட்டுநர் இறக்கினார்; கட்டு தம்பியின் காலை நசுக்கியது. யார் கை என்று பிறகு அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மருத்துவமனையில் தம்பி சொன்னார்: "அண்ணே, நான்தான் கை காட்டினேன்னு சொல்லிட்டேன். நீங்க வாயத் திறக்காதீங்க."

"பொய்டா அது."

"உங்க வேலையும் போச்சுன்னா அம்மாவ யாரு பாக்குறது? ஒரு காலு போச்சு, போதும். வீடே நொண்ட வேணாம்."

நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா காலமான பிறகும், ஓய்வு பெற்ற பிறகும் திறக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து யாரையும் கையசைத்து அழைத்ததில்லை.

தம்பி செயற்கைக் காலுடன் சிராங்கூன் ரோட்டு மளிகைக் கடையில் வேலை பார்த்துக் குடும்பத்தை நடத்தினார். ஒரு கல்யாணப் பந்தியில் மாமா ஒருவர், "சிக்னல் காட்டத் தெரியாம கால விட்டவன்டா இவன்" என்றார்.

"பாயசத்துக்குச் சரியாக் காட்டுவேன் மாமா. இங்க ஒண்ணு போடச் சொல்லுங்க" என்று தம்பி சிரித்தார். பக்கத்து இலையில் நான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பக்கவாதம் வந்து கடைசி நாள்களில் அவருக்குப் பேச்சு நின்றுபோனது. வார்டு வாசலில் தயங்கி நின்ற என்னைப் பார்த்து, உள்ளங்கை கீழே பார்க்க விரல்களை அசைத்தார். அருகில் போய் உட்கார்ந்தேன்.

இதை முதலில் அவர் மனைவியிடமும் மகளிடமும் சொன்னேன். மகள், "எழுதுங்க பெரியப்பா. எல்லாருக்கும் தெரியணும்" என்றாள்.

தம்பியைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்த இருவருக்கும், தாதியருக்கும், வேலை கொடுத்து மதிப்பாக நடத்திய கடைக்காரருக்கும் நன்றி. உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி எந்தப் பந்தியில் அந்தக் கதை வந்தாலும், அது அண்ணன் கை என்று சொல்லுங்கள்.